இக்கரை

ஸ்முலே என்றால் நார்வே மொழியில் ரொட்டித் துணுக்கு.
வாங்கி வந்த நாளில் பொருந்திய பெயர்.
இப்போது முப்பத்தொரு கிலோ.
அவள் சாப்பாட்டை அவளே சுமக்க
முதுகின் இருபுறமும் தொங்கும் சிவப்புப் பை.

நான் பேருந்து ஓட்டுகிறவன்.
பத்தொன்பது ஆண்டுகளாக
லோமிலிருந்து ஓட்டா, ஓட்டாவிலிருந்து லோம்.
மலைக்கும் ஓர் அட்டவணை எழுதி
வரைபடத்தோடு மடித்து வைத்திருந்தேன்:
நான்கரை மணிக்கு ஆறு,
ஆறு மணிக்கு ஏரி,
ஏழுக்கு மீன்.

கடைசிக் குடிலில் குட்னி வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தாள்.
"பகலெல்லாம் வெயில்" என்றாள்,
பனிமலைப் பக்கம் தலையை அசைத்து.
"ஆமாம், நல்ல வெயில்" என்று சொல்லிவிட்டு
தட்டிலிருந்த ஜாமை வழித்து நக்கினேன்.

ஆற்றங்கரைக்கு நான்கு இருபத்தெட்டு.
இரண்டு நிமிடம் முன்னதாகவே.

தண்ணீர், பாலில் சாம்பல் கரைத்த நிறம்.
அடியில் கல் உருளும் ஓசை
காதுக்குக் கேட்கவில்லை, முழங்காலுக்குக் கேட்டது.
பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் மாட்டி
நாயின் கயிற்றைக் கையில் சுற்றி இறங்கினேன்.
கயிறு விறைத்தது.
ஸ்முலே உட்கார்ந்திருந்தாள்.
குரைக்கவில்லை, பின்வாங்கவில்லை.
நிறுத்தத்தில் இருந்துகொண்டே
இந்த வண்டி எனக்கில்லை என்று
வேறு பக்கம் பார்க்கும் பயணியைப் போல.

கெஞ்சினேன். உலர்ந்த ஈரல் காட்டினேன். அதட்டினேன்.
அக்கரை போய்க் கூப்பிட்டால் வருவாள் என்று
கயிற்றை விட்டு
இன்னும் மூன்றடி வைத்தேன்.
தொடையில் மோதியது குளிர்.
என் கால்களை யாரோ
வேறு யாருக்கோ கொடுத்துவிட்டதைப் போல் இருந்தது.
அப்போது ஒரு சத்தம் எழுப்பினாள்,
ஆறு வருடத்தில் நான் கேட்டிராதது.
எண்ணெய் காணாத பேருந்துக் கதவு
பாதியில் சிக்கிக்கொண்டால் வருமே, அது.

திரும்பிவிட்டேன்.

மீனுக்குப் பதில் பழுப்புச் சீஸ், ரொட்டி.
அவளுக்கும் பாதி.
கோபத்தில், சிறிய பாதி.

ஜூலையில் இங்கே இருட்டு வருவதில்லை.
வெளிச்சம் கொஞ்சம் களைத்துப்போகும், அவ்வளவுதான்.
கூடாரத்தின் நீளம் எனக்கு,
அகலம் முழுக்க அவளுக்கு.
ஈர ரோமம். ஈரல் வாடை மூச்சு.
எங்கோ மேய்ச்சல் செம்மறியின் மணி
ஒருமுறை. வெகுநேரம் கழித்து இன்னொருமுறை.
அவள் காது மட்டும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு
வந்து படுத்துக்கொண்டது.

இரைச்சலுக்கு நடுவே கணக்குப் போட்டேன்.
ஞாயிறு பிற்பகல் இரண்டு பத்துக்கு என் வண்டி.
ஏரிக்கு ஒன்றரை மணி நேரம், திரும்ப ஒன்றரை,
இறங்க ஐந்து.
எப்படிக் கூட்டினாலும் ஏரி வரவில்லை.
அக்கரையிலும் இதே சாம்பல் கல்தானே,
பச்சை ஒன்றும் இல்லையே என்று
சொல்லிக்கொண்டு புரண்டேன்.
பிறகு எப்போதோ
அடுத்த அறை வானொலியை யாரோ தணிப்பது
தூக்கத்துக்குள் கேட்டது.

ஐந்து மணிக்கு ஜிப்பைத் திறந்தேன்.
மேலே பனிமலை
இரவெல்லாம் உறைந்து
தண்ணீரைக் கைக்குள் பொத்தி வைத்திருந்தது.
நேற்று ஆறு இருந்த இடத்தில் கற்கள்,
கற்களுக்கிடையே
கணுக்கால் நனையும் அளவுக்கு ஏதோ ஒன்று.

பகலெல்லாம் வெயில் என்றாளே குட்னி.
நான் வானிலை என்று நினைத்தேன்.

கூடாரத்தைச் சுருட்டி, அடுப்பைத் துடைத்து,
பையைத் தோளில் மாட்டி
வீட்டுப் பக்கமாக நின்று
விசில் அடித்தேன்.
ஆளைக் காணோம்.
நான்கே தாவலாக இருக்கும்.
சிவப்புப் பையின் அடிகூட நனையவில்லை.
அக்கரையில் உட்கார்ந்திருக்கிறாள்,
என்னையே பார்த்துக்கொண்டு,
வால் மணலைப் பெருக்க.

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.
பூட்ஸை அவிழ்த்தேன்.
அவிழ்க்க வேண்டாம் என்று தோன்ற
மறுபடி கட்டினேன்.

பயணிகள் கவனத்துக்கு:
லோமிலிருந்து இரண்டு பத்துக்குப் புறப்படும் வண்டி
இன்று தாமதமாகும்.
காரணம் அறிவிக்கப்பட மாட்டாது.