கடைசி இலக்கம்

வேலந்தாவளத்தில் செக்போஸ்ட் தாண்டினால் கேரளம்.
அதற்கு இந்தப்பக்கம் எங்கள் எடைமேடை.
இரவு பத்துக்கு மேல் எம்-சாண்ட் லாரிகள்.
ஒரு லாரிக்கும் அடுத்ததற்கும் நடுவே
ஆறு பக்கம் படிக்கலாம்,
டிரைவர் டீக்குப் போனால் ஒன்பது.

புத்தகம் பழைய பேப்பர் லோடில் வந்தது.
முதல் பதினாறு பக்கம் இல்லை.
பையனின் பெயர் அதோடு போயிருக்க வேண்டும்,
கப்பலில் எல்லோருக்கும் அவன் வெறும் ‘டேய்’.
என்னையும் இங்கே பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை.
“எடைமேடே, ஒண்ணு வேகம்!”

கடலில் மூழ்கிய ஒரு மணியைத் தேடிப் போகிறார்கள்.
புயல் உண்டு, தீவு உண்டு,
பல்வலிக்காரக் கேப்டன் உண்டு.
‘துணிச்சலின் காவியம்’ என்கிறது பின்னட்டை.
பையன் பாய்மரம் ஏறுகிறான், சுறாவைக் குத்துகிறான்,
நானும் விடுவிடுவென்று தள்ளினேன்.

எண்பத்தெட்டாம் பக்கத்தில்
காற்று செத்துப்போய்க் கப்பல் நிற்கிறது.
குடிதண்ணீர் அளந்துதான்.
இரவில் எழுந்து ஓர் அகப்பை திருடிக் குடிக்கிறான்.
காலையில் மாட்டிக்கொள்வது
பாய் தைக்கும் இக்னாசு.
பன்னிரண்டு சவுக்கடி.
பையன் எண்ணுகிறான். வாய் திறக்கவில்லை.

அந்தத் தண்ணீரைப் பற்றி
அப்புறம் ஒரு வார்த்தை கிடையாது.
புயல் வந்துவிடுகிறது.

இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் கண்ணில் பட்டது:
தீவில் ஊற்றைக் கண்டு எல்லோரும் குப்புற விழுகிறார்கள்,
‘கடைசியில் நான்’ என்று ஒரு வரி.
மழை பிடித்த தொட்டியில், கடைசியில் நான்.
மணி கிடைத்த அன்று சாராயம் பங்கு வைக்கும்போதும்.
ஏழு இடம். பென்சிலால் கோடு போட்டேன்.
சுறாவைக் குத்திய கை வளரவே இல்லை.
கோப்பை வந்துசேரும் மட்டும் அவன் நிற்கும் நேரம்
நீண்டுகொண்டே போகிறது.

லாரிக்கு இரண்டு எடை, காலி, பாரம்.
கழித்தால் மணல்.
இவனுக்கு எப்படிக் கழிப்பது?
காலி எடை அந்தப் பதினாறு பக்கத்தில் அல்லவா இருக்கிறது.

சித்திரையில், ராவுத்தர் மகன் சொன்னபடி,
முப்பத்தெட்டு டன்னை முப்பத்தொன்று என்று அடித்துக் கொடுத்தேன்.
சித்தூர் தாண்டிப் பறக்கும் படை பிடித்தது.
சீட்டைத் திருத்தியது டிரைவர் சுகுணன் என்று முடிவாயிற்று.
லைசென்ஸ் போனது.
அவன் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை,
ஜன்னலில் நீண்ட கை மட்டும்.

இருநூற்று எழுபத்தொன்றாம் பக்கம்:
துறைமுகம். பையன் இக்னாசுவிடம் போய்
“அது நான்” என்கிறான்.
“தெரியும்,” என்கிறான் இக்னாசு, “நூலைப் பிடி.”

ஆடிக் காற்று கணவாயில் புகுந்தால்
திரையில் கடைசி இலக்கம் நிற்காது.
எங்கள் மேடை இருபது இருபதாகத்தான் எண்ணும்.
வண்டி இல்லாத நேரத்தில் ஏறி நின்றேன்.
நாற்பது. அறுபது. நாற்பது.
என் ஐம்பது அதற்குத் தெரியாது.

போன் அடித்தது. “அடுத்த வண்டிக்கு நாலு குறைச்சிரு.”
கேட்காத மாதிரி வைத்தேன்.
உள்ளதை அடித்தேன். டிரைவர் கெட்ட வார்த்தை சொன்னான்,
இரண்டு மொழியிலும்.

விடிந்ததும் சித்தூர் பஸ் ஏறினேன்.
பஞ்சர் கடையில் ஒருவன்
டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக்
குமிழி பார்த்துக்கொண்டிருந்தான்.
அந்தக் கைதான்.
“வண்டி எவிடே?” என்றான், நிமிராமல்.

வண்டி இல்லாமல் வந்திருந்தேன்.