விலை பூச்சியம் ஏற்கப்படாது

கொழும்பிலிருந்து வந்த பெடியன்
ஆளுயரத் திரைகள் இரண்டை வாசலோரம் நட்டு
கடவுச்சொல்லை ரோல்ஸ் சுற்றுகிற தாளில் எழுதித் தந்துவிட்டு
இரவு ரயிலுக்கு ஓடினான்.
"மெனுவ நீங்களே ஏத்தலாம் அக்கா, லேசு."

லேசுதான்.
முதல் கேள்வி: எந்த மொழி மேலே?
திருகோணமலையில், அதுவும் டொக்யாட் வீதியில்
இதையா முதலில் கேட்பது?
இல்யாஸ் முதலாளி தாடியைச் சொறிந்தார்.
"மூண்டையும் பக்கத்தில பக்கத்தில போடு பிள்ள."
போட்டேன். ஒரே அளவு, ஒரே பச்சை.
அடிமட்டம் வைத்து அளந்த பிறகுதான்
தேத்தண்ணி குடிக்கப் போனார்.

கொத்துக்குக் கோழி, மாடு, முட்டை, மரக்கறி.
அரை, முழு.
உறைப்பு ஒன்று, இரண்டு, மூன்று.
சீமெந்து ஆலை இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்
ஹெல்மெட்டைக் கழற்றுகிற வேகத்தைப் பார்த்தே
உள்ளே குரல் கொடுத்துவிடுவேன், ஏழு வருடமாக.
திரையில் மூன்றுக்கு மேல் போகாது.
அவர் மூன்றரை.

ஒத்திகைக்கு ஒரு துண்டு அடித்தோம்.
கொம்பு ஓரிடம், கால் ஓரிடம், நடுவில் புள்ளிவட்டம்.
புஸ்பராசா அண்ணன் தகட்டுக் கத்தி இரண்டையும் கீழே வைத்துவிட்டு
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"நான் கொத்த முதலே
இவன் கொத்திப்போட்டானே."

படங்கள் வேறு.
இடியப்பத் தட்டைப் பிடித்த என் பெருவிரல் வந்துவிட்டதாம்,
அழிக்கச் சொன்னார்கள்.
அழித்தேன். தட்டு அந்தரத்தில் நிற்கிறது.

பிறகு அந்தச் சின்னக் கட்டம்:
சைவம், ஆம் அல்லது இல்லை.
தேங்காய்ச் சம்பலுக்கு வந்ததும் கை நின்றது.
"அண்ணை, மாசி போடுறனீங்களோ?"
அடுப்புச் சத்தம் மட்டும்.
"கேக்கிற ஆக்களுக்குச் சொல்லுவந்தானே."
"இதில கேக்க ஆளில்ல அண்ணை."
வெள்ளிக்கிழமைகளில் நெற்றியில் திருநீறோடு
இரண்டாந்தரம் சம்பல் கேட்டுச் சாப்பிட்டவர்கள்
ஒவ்வொருவராக என் முன்னால் வந்து போனார்கள்.
அவருக்கும் வந்திருக்க வேண்டும்.
அடுத்த நாள் இரண்டு அம்மி வேலை செய்தது.
திரையில் இப்போது இரண்டு சம்பல்.

இரவு பதினொன்று. அரைக் கதவு திறந்திருக்க
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
குப்பைக் கூடையைக் கிண்டிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தது.
ஈர மூக்கு திரையில் பட
வணக்கம், மொழியைத் தெரிவுசெய்க என்றது மெஷின்.
மான் கொஞ்சம் யோசித்தமாதிரித்தான் இருந்தது.

மிச்சம் சொதி.
பெயர்: சொதி. விலை: 0.00.
சிவப்பில் வந்தது:
விலை பூச்சியம் ஏற்கப்படாது.
ஒரு ரூபா போடலாமா என்றேன்.
"சொதிக்குக் காசு வாங்கினவன் எண்டு
இந்த ஊருக்குள்ள நடக்கேலுமா?"
கொழும்புக்கு எடுத்தேன். நித்திரைக் குரல்.
"மேலதிகத் தெரிவுக்குள்ள ஒளிச்சு வையுங்கோ அக்கா,
அங்க பூச்சியம் போகும்."
ஒளித்தேன்:
இன்னும் சொதி, ஒரு கூட்டல் குறியோடு.

விடிய முதல் ஆள், திருக்கடலூர்க்காரர்.
ஈர விரலுக்குத் திரை அசையவில்லை,
சாரத்தில் துடைத்தார்.
இடியப்பம் பத்து.
கூட்டலை அமத்தினார். காசு ஏறவில்லை.
திரும்ப அமத்தினார், நம்பாமல்
விலையையே பார்த்துக்கொண்டு.

குசினியில் துண்டு விழுந்தது.
எழுத்தெல்லாம் திருந்தியிருந்தது.
இன்னும் சொதி × 17.

புஸ்பராசா அண்ணன் வாளியோடு வெளியே வந்தார்.
ஏழு வருடத்தில் அவர் முன்பக்கம் வந்து நான் கண்டதில்லை.
"ஆருக்குப் பதினேழு?"
பள்ளிக்கூடப் பெடியன் மாதிரி அவர் கையைத் தூக்கினார்.

பின்னேரம் கொழும்பிலிருந்து அழைப்பு:
"அக்கா, சொதிக்கு உச்ச அளவு போடேல்லையே?"
வாளியை அளந்துபோட்டுச் சொல்லுறன் தம்பி
என்று வைத்துவிட்டேன்.