நானூற்றுப் பதினேழு வண்டிகள்

அந்தக் குளிர்காலம் மக்காச்சோளத்தை எரித்தோம்.
கரி வாங்கச் சோளம் விற்க வேண்டும்,
சோளம் விற்க ரயிலுக்குக் கூலி அழ வேண்டும்,
கூலி போக மிஞ்சிய காசுக்கு
ஒரு கூடைக் கரி வராது.
கதிரோடு அள்ளி அடுப்பில் போட்டோம்.
நன்றாக எரிந்தது. அதுதான் கொடுமை.
நள்ளிரவில் எங்கோ ஒரு மணி பொரியும்,
சின்னவன் தூக்கத்தில் சிரிப்பான்.

கான்சாஸில் அப்போது ஆளுக்கொரு வங்கியின் பெயர்
குடும்பப் பெயர் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

வியாழன் இரவுகளில் பள்ளிக்கூடத்தில் கூடினோம்.
பிள்ளைகளின் பெஞ்சில் முட்டி இடிக்க
எழுந்தான் லியாண்டர் பிரௌட்டி, கிணறு வெட்டுகிறவன்.
"நூறடி தோண்டியும் தண்ணி இல்லேன்னா இடத்த மாத்தணும்.
நாம ரெண்டே குழியத்தான்
மாத்தி மாத்தித் தோண்டிட்டிருக்கோம்."
அவ்வளவுதான் பேச்சு.
யானைக்குப் போட்டவர்களும் கழுதைக்குப் போட்டவர்களும்
வட்டிக்காரன் வாசலில் எதிர்ப்பட்டவர்கள் போல
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஜூலையில் ஊர்வலம்.
எனக்கு ஓட்டு இல்லை, எண்ணத் தெரியும்.
ரயிலடித் தண்ணீர்த் தொட்டியில் ஏறி உட்கார்ந்து
வண்டிகளை எண்ணினேன்: நானூற்றுப் பதினேழு.
நில்ஸ் ஓபெரி அறுநூறு என்றான்.
பத்திரிகை "சில வண்டிகள்" என்றது.
கடைசி வண்டி பர்ரெல் கெய்ன்ஸுடையது.
டென்னசியில் ஏலம் போன ஒருத்தியின் மகன்,
ஆற்றுக்கு அக்கரையில் எண்பது ஏக்கர்,
எங்களுக்கிருந்த அதே கடன்.
உழைப்பவரெல்லாம் ஒரே சாதி என்று முழங்கிய நாங்கள்
வரிசையில் அவனுக்குக் கொடுத்த இடம் அது.
நானூற்றுப் பதினாறு வண்டிப் புழுதியை
அவன் பெண்டாட்டி பிள்ளைகள் தின்றுகொண்டே வந்தார்கள்.
அதை நான் அன்று எண்ணவில்லை.

நவம்பரில் ஜெயித்தோம்!
வங்கி மேனேஜர் தெருவில் தொப்பியைத் தூக்கி
என் புருஷனுக்கு வணக்கம் வைத்தார். ஒரே ஒரு முறை.
லியாண்டர் இரவல் பூட்ஸில் தலைநகரம் போனான்.
சரக்குக் கூலியைக் குறைக்கும் மசோதா
குழுவுக்குப் போனது,
குழுவிலிருந்து துணைக்குழுவுக்குப் போனது,
பிறகு அதைப் பற்றிக் கேட்பது
செத்தவர் வீட்டில் கடன் கேட்பது போலாகிவிட்டது.
வசந்தத்தில் லியாண்டர் ரயிலில் வந்து இறங்கினான்,
வெல்வெட் இருக்கை வகுப்பில்.
டிக்கெட் என்ன விலை என்றேன்.
வானத்தைப் பார்த்து, மழை வரும் என்றான்.

மழையும் வந்தது, அது வேறு விஷயம்.

ஆறாவது வருடம் கூட்டணி என்றார்கள்.
கழுதையோடு சேர்ந்தால் ஆட்சி,
தனியே நின்றால் மூன்றாவது இடம்,
எங்கள் பதினோரு கோரிக்கைகளில்
வெள்ளி நாணயம் ஒன்று மட்டும் இப்போதைக்கு,
மற்ற பத்தும் அப்புறம்.
பர்ரெல் சுவரோரம் நின்றபடியே சொன்னான்:
"தெற்கே அந்தக் கழுதை யார உதைக்குதுன்னு
எனக்குத் தெரியும்."
யாரோ இருமினார்கள்.
தலைவர் அடுத்த தீர்மானத்துக்குப் போனார்.
தூக்கிய கைகளை எண்ணியவள் நான்தான்,
அதில் என் புருஷன் கையும் ஒன்று.

தோற்றோம். கழுதையும் தோற்றது,
ஆனால் அதற்குப் போக லாயம் இருந்தது.
அடுத்த ஜூலையில் வண்டிகள் நாற்பது. அதற்கடுத்து ஒன்பது.
நில்ஸ் ஒரேகானுக்குப் போய்விட்டான்.
பர்ரெல் நிலத்தை விற்றுத் தெற்கே ஒக்லஹோமாவுக்கு.
லியாண்டர் காற்றாலை விற்கிறான், தவணை முறையில்,
வட்டி மற்றவர்களைவிட அரை சதவீதம் குறைவு,
அதையும் சொல்ல வேண்டும்.
கட்சி கடைசியாக நின்ற தேர்தலில்
எங்கள் வாக்குச்சாவடியில் விழுந்தது மூன்று ஓட்டு.

இப்போது எனக்கு அறுபத்தெட்டு வயது.
பத்தில் நாலைந்து சட்டமாகிவிட்டன,
ஒன்றில் யானை கையெழுத்து, இன்னொன்றில் கழுதை.
சவரக்கடையில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள்
அந்த ஊர்வலத்தில் நானும் வந்தேன் என்று.
கேட்டுக் கேட்டுக் கூட்டிப் பார்த்தேன்:
இரண்டாயிரம் வண்டியாவது வரும்.
கொடி பிடித்தவர்கள் மட்டுமே முப்பது பேர்.

கடைசி வண்டியில் வந்ததாக
இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.