ஓர் இரவுக்கு அறுநூற்றெண்பது யுவான்

மேல்மாடி அறைக்கு வாடகை கேட்டு வந்தவள்
பெயர் யான் என்றாள்.
எங்கள் பழந்தமிழில் அதற்கு நான் என்று பொருள் என்றேன்.
தொலைபேசி அதைச் சீனத்தில் சொன்னது.
அவள் யோசித்தாள். தன் தொலைபேசியிடம் ஏதோ சொன்னாள்.
அது செய்தி வாசிப்பவளின் குரலில் தமிழ் பேசியது:
"எனக்கு அது ஒரு குருவி. கூரையின் அடியில் கூடு கட்டும்."

பாசையூரில் அவளை எல்லோருக்கும் தெரியும்.
அட்டைப் பண்ணைச் சீனத்தி.
விடிய, முழங்கால் வரை றப்பர் சப்பாத்து.
பின்னேரம், படியில் அதைக் கழற்றிவிட்டுச்
சேற்று மணத்தோடு வெறுங்காலில் ஏறுவாள்.
என் குசினியில் கோதுமை மாவை அடித்து அடித்து
நூலாய் இழுப்பாள்.
வினாகிரி மாதம் மூன்று போத்தல்.

தம்பி றெமீசியஸ் படலையிலேயே நின்று கத்தினான்:
"கடலுக்கும் வேலி அடைச்சிட்டாங்கள்.
வேலிக்காரிக்கு நீ அறை குடுத்திருக்கிறாய்.
நான் எங்கை வலை போடுறது, சொல்லு."
என்னவாம் என்று கண்ணால் கேட்டாள்.
நண்டு விலை இறங்கிவிட்டதாம் என்று
தொலைபேசிக்குச் சொன்னேன்.
அது நம்பி, அப்படியே சொன்னது.

அவள் ஊரும் கடற்கரைதான்.
கரையில் ஒதுங்கும் கடற்புல்லைக் காயவைத்து
முழத்தடிப்பில் கூரை வேய்வார்களாம்.
அப்பா சுழியோடி. மூச்சடக்கி அட்டை பிடித்தவர்.
இப்போது பத்தொன்பதாம் மாடியில்,
லிப்ற் பழுதென்றால் அன்று முழுக்க யன்னலோடு.
காசுத்தாளை அங்கே ஒருவரும் தொடுவதில்லையாம்.
கீரை விற்பவள்கூடக் கட்டம்போட்ட அட்டையை நீட்டுகிறாளாம்.
இவர் தாள்களைத் தலையணை உறைக்குள் அடுக்கிவிட்டுக்
கடைக்கே போகாமல் இருக்கிறார்.
அந்த அட்டை வேறு, இந்த அட்டை வேறு என்று
சிரிக்க, யானுக்குத் தமிழ் காணாது.

வீட்டை இடித்துவிட்டார்களா என்று கேட்டேன்.
"வீடு உயிருடன் உள்ளது," என்றது செய்திக்காரி.
கம்பனி ஒன்று வாங்கி விடுதியாக்கிவிட்டது.
கடலில் அந்தப் புல் இப்போது முளைப்பதில்லை,
கூரை ஓட்டைகளைப் பிளாஸ்ரிக் புல்லால் அடைத்திருக்கிறார்கள்.
படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள்.
அம்மா செத்துப்போன அறையில் வெள்ளை விரிப்பு,
அன்னம்போல் மடித்த இரண்டு துவாய்.
காலைச் சாப்பாட்டோடு
ஓர் இரவுக்கு அறுநூற்றெண்பது யுவான்.
நாலரை நட்சத்திரம். தங்கிப்போன யாரோ எழுதியிருந்தார்:
அமைதியான இடம். குருவிச் சத்தம்தான் கொஞ்சம் தொல்லை.

என் கதையைச் சொல்லும் எண்ணம் இருக்கவில்லை.
வாய் திறந்துகொண்டது.
மயிலிட்டி. தொண்ணூறாம் ஆண்டு ஆனி.
ஏழு வயதில் ஓடிவந்து
இருபத்தேழு வருடம் கம்பிக்கு வெளியே இருந்தோம்.
திறந்துவிட்டபோது ஒரே நாயுண்ணிப் பற்றை.
உடைந்த கிணற்றுக்கட்டு ஒன்றைக் கண்டு
இதுதான், இதுதான் என்று அம்மா குந்தி அழுதா.
கொஞ்சத்தில் பக்கத்துக் காணிக்காரர் வந்தார்கள்,
அது தங்கள் கிணறு என்று.

தொலைபேசி நெடுநேரம் சுற்றியது.
எதைச் சொன்னதோ தெரியாது.
யான் பாதியில் விட்ட வெங்காயத்தை
மறுபடி எடுத்து வெட்டினாள்.

தை முடிய அவர்களின் புதுவருடம்.
லீவு கிடைக்கவில்லை.
முதல்நாள் இரவு படியில் குந்தியிருந்து
அந்த வீட்டைப் பதிவுசெய்தாள்.
அம்மாவின் அறையை. ஓர் இரவுக்கு.
எனக்குத் தருகிற ஒரு மாத வாடகையை விடக் கூட.
நீ போகப்போவதில்லையே என்றேன்.
"ஆம். நாளை இரவு அங்கு யாரும் உறங்கக் கூடாது."

பத்து மணிக்கு வைஃபையை நிறுத்துவது என் வழக்கம்,
மகன் படிக்கவேண்டும்.
புதுவருட இரவு நிறுத்தவில்லை.

விடிய, றெமீசியஸ் பையில் நண்டோடு வந்தான்.
அவன் வாய் திறக்க முன்னம்
யான் படியில் நின்று, தொலைபேசி இல்லாமல்,
தன் வாயாலேயே கேட்டாள்:
"நண்டு விலை... இன்னும் இறங்குது?"
அவன் என்னைப் பார்த்தான்.
நான் சட்டி எடுக்கப் போய்விட்டேன்.