கூலியாட்களோடு

கேத்தி கோயிலில் மூன்றாவது பெஞ்சு.
தூணுக்குப் பின்னால், மைக் சத்தம் காதில் இடிக்காத இடம்.
ஐயர் அன்றைக்கு எடுத்தது கடலோரத்துப் பகுதி.
கூப்பிட்டார், உடனே போனார்கள்.
"உடனே" என்ற சொல்லை மட்டும் ஏழு தரம் சொன்னார்.
நான் எண்ணினேன். வேறென்ன செய்ய?
தவசீலன் போய் அப்போது பதினோரு நாள்.

ஒடிசா மலைக்குள் ஏதோ ஓர் ஊர்.
பேர் சொன்னான், என் வாயில் நிற்கவில்லை.
ஒரு தோள்பை, ஒரு கம்பளி, அவன் அம்மா கட்டிக்கொடுத்த வர்க்கி.
பாலாடா மினிபஸ் வளைவில் திரும்பும்வரை கையாட்டினேன்.
திரும்பிப் பார்த்தால் ஒன்றரை ஏக்கர் கேரட்
பிடுங்கும் பதத்தில் நிற்கிறது.

ஆராதனை முடிந்து ஆளாளுக்கு என் கையைக் குலுக்கினார்கள்.
"பாக்கியவான் அண்ணே நீங்க."
ரூபாவதி அழுதுகொண்டே சிரித்தாள்.
எனக்குச் செபெதேயுவின் நினைவு.

அவரை வைத்து யாரும் பிரசங்கம் பண்ணுவதில்லை.
படகில், கூலியாட்களோடு, விட்டுவிட்டுப் போனார்கள்.
அவருக்குக் கிடைத்தது அந்த அரை வசனம்.
பாதி தைத்த வலையை அன்று சாயங்காலம் மடித்தது யார்?
பழக்கதோஷத்தில் அந்த வீட்டம்மா
இரண்டு தட்டு கூடுதலாக வைத்திருப்பாளே,
அதை எடுத்தது யார்?

ஆண்டவரே, கோபித்துக்கொள்ளக் கூடாது.
பிள்ளைகளைக் கூப்பிட்டீர், சரி.
பெரியவரிடம் ஒரு வார்த்தை,
"கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று ஒரே ஒரு வார்த்தை
சொன்னதாக எழுதியில்லையே.

அந்த அம்மா பிற்பாடு வந்து
ஒருத்தனுக்கு வலப்பக்கம், ஒருத்தனுக்கு இடப்பக்கம் கேட்டாள்.
பேராசை என்கிறார்கள்.
ரூபாவதி ராத்திரி முழங்காலில் நின்று கேட்பதை அவர்கள் கேட்டதில்லை.
கொசுவலை கேட்கிறாள். காய்ச்சல் வராத தண்ணீர் கேட்கிறாள்.
ஒரு மருமகளையும் கேட்டு வைத்திருக்கிறாள்,
டீச்சர் டிரெய்னிங் முடித்தவளாக.

ஜனவரி. உறைபனி.
வெயில் ஏறுமுன் தண்ணீர் அடிக்காவிட்டால்
இலையெல்லாம் வெந்தது போலக் கருகிவிடும்.
தவசீலன் இருந்தவரை நாலு மணிக்கு மோட்டார் போடுவது அவன்.
இப்போது நானும் சோமாவும்.
ஜார்கண்ட் பையன், இருபது வயசு,
என் பிள்ளை போன தண்டவாளத்திலேயே
எதிர்த்திசையில் வந்தவன்.
அவனுடைய அப்பா போனில்
இந்தியும் இல்லாத ஏதோ ஒரு பாஷையில் கத்துவார்.
இத்தனை நாள் அதைச் சத்தம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்றைக்கு ஹோஸ் பைப் ஆறு இடத்தில் பீறிட்டது.
பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துக் கிழித்து
அவன் நீட்ட, நான் கட்டினேன்.
விரல் மரத்துப்போய், அவன் விரல் எது என் விரல் எது என்று தெரியவில்லை.
விடிந்ததும் ஷெட்டுக்குத் தூக்குவாளி அனுப்பாமல்
உள்ளே வாடா என்றேன்.
கதவருகே செருப்பைக் கழற்றிவிட்டு வெகுநேரம் நின்றான்.
ரூபாவதி ஒன்றும் கேட்கவில்லை.
தட்டு ஏற்கெனவே அங்கேதான் இருந்தது.

கடைசி அதிகாரத்தில், எல்லாம் முடிந்த பிறகு,
செபெதேயுவின் பையன்கள் மறுபடி மீன் பிடிக்கப் போகிறார்கள்.
யார் படகு, எழுதவில்லை. யார் வலை, அதுவும் இல்லை.
நூற்றைம்பத்து மூன்று பெரிய மீன்.
(எண்ணியிருக்கிறார்கள். என்னைப் போல ஓர் ஆள் அங்கேயும்.)
அத்தனை கனத்துக்கும் வலை கிழியவில்லை.
ஐயர் அதை அற்புதம் என்பார். இருக்கட்டும்.
நான் அந்த இடத்தில் நிறுத்திக்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

யாரோ ஒருத்தர்
இத்தனை வருஷமும் கரையில் உட்கார்ந்து
முடிச்சுப் போட்டிருக்கிறார்.

நாளைக்கும் பனி விழும் என்கிறான் சோமா.
டியூப் இன்னும் இரண்டு சாண் வேண்டும்.