பின்பக்கம்

பனியன் கம்பெனியில் செக்கிங் எனக்கு.
விளக்குப் பெட்டிமேல் துணியை விரித்து
ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை,
சாயம் பிடிக்காத இடம் தேடும் வேலை.
கண்டால் சிவப்பு ஸ்டிக்கர்.

ஞாயிறானால் நொய்யல்.
நோட்டு ஒன்றுதான்.
முன்னாலிருந்து கவிதை, தாளுக்கு ஒருபக்கம் மட்டும்.
பின்னாலிருந்து தண்ணீர்:
தேதி, பாலம், உப்பு எவ்வளவு, நிறம்.
இரண்டும் எதிரெதிரே நடந்து வந்ததில்
நடுவே நாலைந்து தாள் மிச்சம்.

நிறம் என்ற கட்டத்தில் ஒருமுறை
‘பீட்ரூட் நறுக்கிக் கழுவிய கை’ என்று எழுதிவிட்டேன்.
கிட்டுசாமி அண்ணன் கோடு போட்டு அடித்தார்.
“உவமையெல்லாம் வேண்டாமுங் அம்மிணி,
அளவு மட்டும் போடுங்.
ஆபீசுல கிறுக்குன்னு தள்ளீருவாங்க.”
சிவப்பு என்று மாற்றினேன்.
சிவப்பு இல்லை அது.

அவரிடம் சொல்லாதது ஒன்று.
ஐப்பசியில், மழை விட்ட சாயங்காலம்,
தடுப்பணைக்குக் கீழே
ஆள் உயரம் நின்றது நுரை.
வெயில் பட்டு ஊதா, ரோஸ், மறுபடி ஊதா.
துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு
என்ன அழகு என்று நினைத்தேன்.
பதினொரு வரி எழுதினேன்.
ராத்திரி சோறு இறங்கவில்லை.
அதற்கப்புறம் முன்பக்கம் நகரவேயில்லை.

கார்த்திகை, திங்கட்கிழமை, குறைதீர் கூட்டம்.
ஆளுக்கொரு மனு தனித்தனியாக வேண்டும் என்றார்கள்.
என் டோக்கன் அறுபத்திரண்டு.
ஐம்பத்தொன்பது உள்ளே போயாயிற்று.
நோட்டில் கிழித்து, அண்ணன் முதுகில் வைத்து எழுதி,
முத்திரை வாங்கி, பஸ் பிடித்து,
வீட்டில் வந்து நோட்டைத் திறந்தால்
நுரையைக் காணோம்.

மார்கழி பாதியில் பதில் வந்தது.
தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.
கீழே, பேனாவால்:
இணைப்பு ஒன்று. பின்பக்கம், கவிதை, 11 வரிகள்.

யாரோ எண்ணியிருக்கிறார்கள்.
எண்ணுவதற்காவது
ஒவ்வொரு வரியாக விரல் வைத்திருக்க வேண்டும்.

நகல் இல்லை என்னிடம்.
பத்து வரி திரும்பி வந்துவிட்டது.
நாலாவது மட்டும் எங்கேயோ நிற்கிறது,
அந்த வரியில்தான் துணியும் என் கூலியும் இருந்தன.

இன்று மீட்டர் மூவாயிரத்து நானூறு காட்டியது. எழுதிக்கொண்டேன்.
நிறம் இன்னும் எழுதவில்லை.
மேட்டில் அண்ணன் வண்டியைக் கிளப்பி ஹாரன் அடிக்கிறார்.
ஒரு முக்குளிப்பான், கைப்பிடி அளவு,
இந்தத் தண்ணீரில்தான் முங்கியது.
முங்கிய இடத்தில் அது எழாது.
ஒரு நிமிசம் இருங்கண்ணா.