பார்த்து முடித்த பகுதி

"இதைத்தானே முந்தநாளும் பாத்தனியள்?"
என்று கேட்டாள் யாழிசை.
வவுனிக்குளத்துப் பெட்டை,
பயிற்சி முடித்து வந்து மூன்றாம் நாள்.
ஓம், என்றோம். அதற்கு முதல்நாளும்.

மாங்குளம் சந்திக்குப் பின்னால் வாடகை வீடு.
நாங்கள் நாலு பேர், ஒரு ரிவி.
வதனரூபியின் முதல் சம்பளத்தில் வாங்கியது.
இடப்பக்க மூலையில் ஒரு பச்சைக் கறை;
யார் வந்து அதில் நின்றாலும்
முகம் கொஞ்சம் மாங்காய்.

நாடகம் இவ்வளவுதான்:
எங்கேயோ ஒரு பட்டணம், மூன்றாம் மாடி,
லிஃப்ற் எப்போதும் பழுது.
மாமனாருக்குச் சீனி வருத்தம்.
ஜிலேபியைச் சப்பாத்துக்குள் ஒளிப்பார்.
மருமகன் அந்தச் சப்பாத்தோடு
நேர்முகத் தேர்வுக்குப் போவான்,
படி படியாய் எறும்புகள் பின்னால் இறங்கும்.
வேலை கிடைக்கும்.
அது நாற்பத்தோராம் பகுதி.
எதிர்வீட்டு மனுசி ஒன்பதாம் பகுதியில்
இரவல் வாங்கிய குக்கர் மூடி
இன்னும் திரும்பி வரவில்லை.
அதற்காக ஒருவரும் அவளோடு
கதையாமல் விட்டதுமில்லை.

விடிய ஐந்தரைக்கு வாகனம்.
அம்பகாமக் காட்டில் ஒரு மீற்றர் அகலம்,
அது என் பங்கு.
முழந்தாளில் இருக்க வேணும்.
முகக் கவசத்துக்குள் என் மூச்சே எனக்குப் பெரிதாய்க் கேட்கும்.
கருவி கத்தினால் நிறுத்து.
கத்தாவிட்டாலும் நம்பாதே.
பெரும்பாலும் ஆணி, சோடா மூடி, மீன் ரின்.
ஒருநாள் சின்னச் சாவி, சூட்கேஸினது.
பதிவேட்டில் 'இரும்பு' என்று எழுதினார்கள்.
நேற்று முழுக்கத் தவழ்ந்து முடித்தது
ஒரு பாய் விரிக்கும் அளவு நிலம்.
முடித்த இடத்தில் வெள்ளைத் தடி நடுவோம்.
மத்தியானம் அதற்கு இந்தப்பக்கம்தான்
கால் நீட்டி இருப்போம்.

"அடுத்து என்ன வரும் எண்டு தெரிஞ்சால்
சுவாரசியமே இல்லையே அக்கா."
சுவாரசியம் எங்களுக்கு வேலையில இருக்கு,
என்றாள் வதனரூபி, ரிமோட்டைத் தேடிக்கொண்டு.

அன்றைக்கு எறும்பு படியிறங்கும் நேரம் பார்த்துக்
கரண்ட் போனது.
கூரைத் தகரத்தில் மழை.
கொன்சலிற்றா இருட்டுக்குள்ளிருந்து
விட்ட இடத்தில் தொடங்கினாள்:
மாமனாரின் இருமல், மருமகனின் திக்கல்,
'சேர், உங்கட எறும்பு' என்கிற பியோன்.
நாங்கள் சரியான இடங்களில் சிரித்தோம்.
யாழிசை அரை வினாடி பிந்திச் சிரித்தாள்.
பிறகு பிந்தவில்லை.

எல்லாப் பகுதியும் சாப்பாட்டு மேசையில் முடியும்.
ஏழு தட்டு.
நான் எண்ணுவேன், ஒருவரிடமும் சொன்னதில்லை.
ஏழாவது ஆள் வந்து கதிரையை இழுக்கும்வரை
என் சோற்றில் கை வைக்கமாட்டேன்.
ஒருநாள் தற்செயலாய்த் திரும்பிப் பார்த்தேன்:
மற்ற மூன்று கைகளும்
கோப்பைக்கு மேலே நின்றுகொண்டிருந்தன.

மாசியில் புதுப் பகுதிகள் வந்தன.
மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்களாம்,
பான் வாங்கப் போன இடத்தில் சொன்னார்கள்.
இரண்டு கிழமை ஒருவரும் அதைத் தொடவில்லை.
பழையதையே போட்டோம்.
எறும்பு இறங்கியது, வேலை கிடைத்தது.

பிறகொரு இரவு
கொன்சலிற்றாவின் நுளம்புவலைக்குள் வெளிச்சம்.
காதில் வயர், நெஞ்சில் போன்.
முழுப் பதினாறு பகுதியும்
விடியவிடியத் தனியப் போயிருக்கிறாள்.

காலையில் கண் சிவந்து வாகனத்தில் ஏறி,
கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்:
"ஐந்தாம் பகுதி, பன்னிரண்டாம் நிமிசம்,
ஸ்ட்ரெச்சர் ஒண்டு வரும். வெள்ளைத் துணி போத்தி.
பயப்பிடாதேங்கோ.
துணிக்குக் கீழ ஜிலேபிப் பெட்டி.
மிச்சம் முழுக்கச் சிரிப்பு.
நான் பாத்திட்டன். நீங்கள் வரலாம்."

"குக்கர் மூடி குடுத்திட்டாளோ?"
என்றாள் யாழிசை.

"இல்லை."

நல்லது, என்றோம்.
வாகனம் தார் றோட்டை விட்டுக் காட்டுக்குள் இறங்கியது.